கரை உடையும் ராத்திரி யாருக்கு என்ன வேலை?



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம்ம கள்ளக்குறிச்சிச் சீமைக்காரர்கள் இரண்டு திக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே மழை கொட்டினால் கோமுகியும் மணிமுக்தாவும் செந்தண்ணீராக இறங்கி வரும். வடக்கே திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை. அந்த ஆற்றில் வெள்ளம் வர நம்ம ஊரில் தூறல்கூட விழ வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரியில் பெய்தால் போதும்.

வெள்ளம் வரும், போகும். அது வருகிறது என்று தெரிந்த பிறகு ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள், அப்படிச் செய்ய அவர்களைப் பழக்கியது யார் என்பதுதான் இன்றைய பேச்சு. கொஞ்சம் பழங்கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. குடவோலை போட்டு ஆள் எடுத்த சங்கதியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதிலே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம் வைத்து, வருஷத்துக்கு வருஷம் ஆளை மாற்றியிருக்கிறார்கள். ஏரி உடைந்தால் ஊரே போய்விடும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம்.

பிற்காலத்தில் நம்ம பக்கத்தில் அந்த வேலை நீர்க்கட்டியின் கையில் இருந்தது. மதகைத் திறப்பதும் அடைப்பதும் மட்டும் அவர் வேலை இல்லைங்க. மழைக்காலத்து ராத்திரியில் கரைமேல் நடந்து பார்ப்பார். நண்டு வளை, எலி வளை வழியாகத் தண்ணீர் கசிகிறதா, கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்று பார்ப்பார். தெளிந்த தண்ணீர் என்றால் பொறுக்கலாம். கலங்கல் என்றால் கரைமண் உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். உடனே தமுக்கு. தமுக்குச் சத்தம் கேட்டதும் மண்வெட்டி, கூடை, வைக்கோல், மூங்கில், கீற்று எல்லாம் கரைக்கு வந்து சேரும். யார் மண் வெட்டுவது, யார் சுமப்பது, யார் தண்ணீரில் இறங்கி முளை அடிப்பது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. அப்பன் செய்ததைப் பார்த்துப் பிள்ளை பழகியிருப்பான். பயிற்சி என்கிற பேர் இல்லாமலே நடந்த பயிற்சி அது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி ஆட்சி முடியும் தறுவாயில், 1858ல், சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும்போல இருந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். கூலி உண்டு. வரமாட்டேன் என்றால் தண்டனையும் உண்டு. 'உழைக்கும் வகுப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏரித் தண்ணீரில் அதிகம் பாய்கிற நிலக்காரர் வீட்டில் இருப்பார், நிலமே இல்லாதவர் கரையில் நிற்பார். தமுக்கு அடித்த கையும் ஒடுக்கப்பட்ட சாதியின் கைதான். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவரின் குடிசை பல ஊர்களில் பள்ளத்திலேதான் இருந்தது.

பிறகு பெரிய ஏரிகளெல்லாம் பொதுப்பணித் துறைக்குப் போயின. குடிமராமத்து தேய்ந்தது. 1980ல் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தார்கள்; கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஒழித்தது சரியான காரியம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஒன்று நடந்தது. பழைய ஏற்பாட்டிலிருந்த அநியாயத்தோடு சேர்ந்து, அதிலிருந்த பழக்கமும் போயிற்று. கரை உடையும் ராத்திரி யாருக்கு என்ன வேலை என்பது ஊரில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அந்த இடத்தை ரேடியோ நிரப்பும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ரேடியோவின் சக்தி சாமானியமானதல்ல. 1960களில் தஞ்சைப் பக்கத்தில் ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி கேட்டு விதைத்த ஜனங்கள், அதற்கு 'ரேடியோ அரிசி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் நெல் விதைப்பது வேறு, வீட்டை விட்டுக் கிளம்புவது வேறு. விதையைப் பத்து நாள் யோசித்துப் போடலாம்.

1970 நவம்பர் 12ந் தேதி ராத்திரி, இப்போது வங்கதேசம் என்று சொல்கிற நாட்டின் கடற்கரையில் ஒரு பெரும்புயல் அடித்தது. செத்தவர்கள் குறைந்த கணக்கிலேயே மூன்று லட்சம் பேர். புயல் வரும் சேதி ரேடியோவில் வந்தது; கரையோர ஜனங்களில் பெரும்பாலோர் காதுக்கும் அது எட்டியிருந்தது. ஆனால் எவ்வளவு பெரிய புயல், எங்கே போவது, மாட்டை என்ன செய்வது என்பது தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாட்டு அரசும் செஞ்சிலுவைக்காரர்களும் சேர்ந்து 1972 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு ஊர் தொண்டர்கள். சம்பளம் கிடையாது. கையில் ஒரு ஒலிபெருக்கி, ஒரு ரேடியோ, கொடி. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: சிலர் சேதி சொல்ல, சிலர் ஜனங்களைப் புகலிடம் சேர்க்க, சிலர் மீட்க, சிலர் முதலுதவி செய்ய. வருஷா வருஷம் ஒத்திகை. அப்படியும் 1991ல் ஒரு புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். பெண்கள்தான் அதிகம். சேதி கடைத்தெருவில் ஆண்கள் காதோடு நின்றது. வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று பெண்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். அதிலிருந்து பாடம் கற்றார்கள். இன்றைக்கு அங்கே 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். 2020ல் உம்பன் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை முன்கூட்டியே நகர்த்திவிட்டார்கள். லட்சக் கணக்காக இருந்த சாவு பத்துக் கணக்குக்கு இறங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம பக்கத்திலேயே ஒரு ஊர் இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. மீனவர் ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்து, ஊரில் ஒலிபெருக்கியும் கட்டியிருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினமும் அதில் சொல்வார்கள். கேட்டுவிட்டுத்தான் படகு எடுப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் சேதி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அவர் முன்பு அதே மையத்தில் தொண்டு செய்தவர். மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரே எழுந்து ஓடியது. சுமார் 3,600 பேர் உள்ள ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வீடும் படகும் போயின. தமிழ்நாட்டுக் கரையில் அன்றைக்கு ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிங்கப்பூர்ப் போன்தான் காப்பாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே ஒலிபெருக்கி தினமும் உண்மை பேசியிருந்தது. அதனால்தான் அன்றைக்கும் நம்பினார்கள். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் கத்துகிற குழாயை யார் நம்புவார்கள்?

இப்போது நம்ம ஆற்றுக்கு வருவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது. அடுத்தடுத்து மேற்கேயும் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறந்தார்கள். இந்த எண்ணைக் கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்கிறேன்: சாத்தனூர் அணை நிரம்பி நின்றால் 7,321 மில்லியன் கனஅடி. அந்த வேகத்தில் திறந்தால், புதுத்தண்ணீர் வராவிட்டால், பன்னிரண்டு மணி நேரத்தில் அணை வறண்டுபோகும். நம்ம கோமுகி அணை ஒரு மணி நேரம் தாங்காது. அவ்வளவு தண்ணீர் தூங்குகிற நேரத்தில் மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் பக்கம் வந்தது. கரும்பும் நெல்லும் மோட்டாரும் மாடும் போனதை நீங்களே பார்த்தீர்கள். போதுமான எச்சரிக்கை இல்லை என்றார்கள் எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நடுராத்திரியில் அலுவலகத்துக்கு அலுவலகம் ஐந்து முறை சேதி போனாலும், அதை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் கதவைத் தட்டுகிற ஆள் யார் என்பதுதான் என் கேள்வி.

அதற்கும் சட்டம் இருக்கிறது, ஏற்பாடும் இருக்கிறது. 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வெள்ளம் சூழும் இடங்களைப் பட்டியல் எடுத்து, ஊர் ஆட்களையே முதல்நிலை மீட்பாளர்களாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பெண்களும் உண்டு, கால்நடைகளைக் காப்பாற்றத் தனி ஆட்களும் உண்டு. மத்திய அரசு 2016ல் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டத்தில் தொண்டர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். மழைக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் ஏரியில் இறங்கி ஒத்திகை காட்டுவார்கள்; காலிக் குடத்தையும் வாழைத்தண்டையும் கட்டி மிதந்து காட்டுவார்கள். நல்ல காரியம். நாமோ கரையில் நின்று கூத்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்த கைக்குத்தான் முடிச்சு வரும்.

மலையில் நிலைமை இன்னும் வேறு. கல்வராயன் மலை 1976 வரைக்கும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த பூமி. சர்க்கார் ஆபீசு என்பதே அங்கே நேற்றுப் போனதுதான். 2024ல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, மலையில் சாலை வசதி, ஆஸ்பத்திரி வசதி என்ன ஆயிற்று என்று கேட்கும் நிலை இருந்தது. ஓடையில் காட்டாறு வந்துவிட்டால் மறுகரையில் இருக்கிற ஊர் தனித் தீவு. கீழே இருந்து வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே அங்கே முதலுதவி தெரிந்த ஆளும் நல்ல கயிறும் ஊருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மலையில் பெய்கிற மழையை முதலில் பார்ப்பது வெள்ளிமலைக்காரர். அவர் ஒரு போன் போட்டால் கச்சிராயபாளையத்துக்காரர் மாட்டை அவிழ்த்துவிட நேரம் கிடைக்கும். மலைக்கும் தரைக்கும் இப்படி ஒரு தொடர்பு வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தேவையில்லை.

தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொன்னால் போதும் என்றார். ரொம்ப நியாயம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது தாம்போக்கிப் பாலம். அதைத் தாண்டி வண்டி வராத ஊரில் கோயில் ஒலிபெருக்கியின் சாவி யாரிடம், கரண்ட் போனால் பேட்டரி எங்கே, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தைத் திறப்பது யார், டிராக்டர் ஓட்டுவது யார், நடக்கமுடியாத கிழவிகள் எந்தெந்த வீட்டில் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அக்டோபர் 2ந் தேதி கிராமசபை கூடுகிறது. வடகிழக்கு மழைக்குச் சரியாக முன்னால். அன்றைக்கே பேரைச் சொல்லி எழுதலாம். பெண்கள் பெயரும் அதில் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. பள்ளிக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ராத்திரியில் டார்ச் அடித்தால் தெரிகிற உயரத்தில், தண்ணீர் ஏறாத உயரத்தில்.