தூத்துக்குடிப் படகைச் சுமந்தவர்கள்

வில்லியம் கஃபே, கரீபிய அடிமை வம்சத்தில் வந்த லண்டன் தையற்காரர். உழைப்பாளருக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்துக்காக 1848இல் தண்டிக்கப்பட்டு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம், அரசாங்கம் அவர்மீது வழக்குப் போட்டது. வழக்கில் சிக்காமல் வெறுமனே உழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கொடைக்கானலில் வைத்துப் பார்க்கலாம். அந்த ஊரின் வரலாறு என்றால் நாலைந்து பெயர்களைச் சொல்வார்கள்: 1821இல் மலையை அளந்த லெப்டினன்ட் வார்டு, 1845இல் பங்களா கட்டிய மதுரை அமெரிக்க மிஷனரிகள், 1863இல் ஏரியை உருவாக்கிய கலெக்டர் லெவிஞ்ச், நடைபாதைக்குப் பெயர் தந்த கோக்கர். லெவிஞ்ச் முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்றும் எழுதுகிறார்கள். அவர் இறந்தது 1885இல். மலைக்கு மோட்டார் சாலை வந்ததோ 1910களில். அப்படியானால் அந்தப் படகு ஏரிக்கு வந்த வழி மனிதத் தோளாகத்தான் இருந்திருக்கும். துரைகளும் துரைசானிகளும் டோலியில் ஏறிய வழியும் அதுவே. கோக்கர் பாதைக்குக் கோக்கரின் பெயர் இருக்கிறது. சுமைகாரர்கள் ஏறிய தடத்துக்கு ‘கூலி காட்’ என்று பெயர். அதில் தொழில் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை.

ஆவணம் இல்லாதபோது எழுத்தாளன் என்ன செய்வான் என்று கேட்கலாம். ஆவணம் இல்லாமல் இல்லை. மலைவாசிகளைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868இலும், ஃபிரான்சிஸ் 1906இலும், தர்ஸ்டன் 1909இலும் எழுதினார்கள். பாதிரியார் டாமன் 1908இல், கொடைக்கானல் அமைந்த பழனி மலையின் பழங்குடியான பளியர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். திருமணம், உணவு, தெய்வம் எல்லாம் அவற்றில் உண்டு. ஆக, இனமாக அவர்கள் ஏட்டில் ஏறினார்கள்; ஊரைக் கட்டிய ஆளாக ஏறவில்லை. குறிஞ்சி பூப்பதுபோல எப்போதாவது ஒருமுறை ‘கூலிகள்’ என்ற சொல் வந்துபோகும், அவ்வளவுதான்.

கூலி வாங்கியவரை அடிமையோடு ஒப்பிடலாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. சுமைகாரர்கள் அடிமைகள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியப் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. இங்கே 1843இல்தான் தனிச் சட்டம் வந்தது, முதல் பங்களாவுக்கு இரண்டே ஆண்டு முன்பு. இதே மலையில் புலையர்கள் குன்னுவ நிலக்காரர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்ததை ஆங்கிலேயரின் நூல்களே பேசுகின்றன. எனவே மறதிக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. நம்மூர் எஜமானனும் தன் ஆளின் பெயரை எழுதிவைக்கவில்லை. கரீபியத்தில் நிலைமை சற்று வேறு: உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தர அரசு கணக்கெடுத்ததால், அந்தப் பதிவுகளைக் கொண்டு இன்று ஆராய்ச்சி நடக்கிறது. பழனி மலையில் யாருக்கும் இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை, பட்டியலும் இல்லை.

இனிப் பெயர்களைத் தேடுவதென்றால் நூலகத்தோடு நிற்க முடியாது, மலைக் கிராமங்களுக்கும் போக வேண்டும். பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையில், பழைய மலைத்தடத்தில் இருக்கும் வெள்ளகவியில் இந்த நூற்றாண்டிலும் நோயாளிகளை டோலி கட்டித்தான் தூக்கிச் சென்றார்கள்.