மெஷின் பிடிக்காத எழுத்துப் பிழை

கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெட்'. நடுவில் ஒரு 'பி', அதாவது பாம்பே பி. அதை விட்டுவிட்டு இம்போசிஷன் எழுதியவர்கள் நம் தலைமுறையில் ஏராளம். "எதற்கு சார் அந்த எழுத்து?" என்று கேட்டால், "அது சைலண்ட்டுடா, பேசாமல் எழுது" என்பார்கள்.

அந்த எழுத்து இடையில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள், இதன் மூலம் 'டெபிடும்' ஆயிற்றே, பூர்வீகம் தெரிய வேண்டாமா என்று பிற்பாடு சொருகினார்கள். உச்சரிப்பு மாறவில்லை. 'டவுட்'டிலும் இதே கதை. 'ரிசீட்'டில் பேப்பர் பி நுழைந்தது. ஏமாற்று என்று பொருள்படும் 'டிசீட்'டும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். அதற்கும் சிலர் 'பி' போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆக, ரசீதுக்கு உண்டு, ஏமாற்றுக்கு இல்லை. இதில் பையனை அடித்து என்ன பயன்?

'ஐலண்ட்' இன்னும் மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் வழி வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இதுவும் அதன் பங்காளி என்று நினைத்து 'எஸ்' போட்டுவிட்டார்கள். பண்டிதர்கள் செய்த பிழை, இன்று அதுதான் சரி!

1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. உச்சரிப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1755-இல் ஜான்சனின் அகராதி வந்து பலவற்றுக்கு முத்திரை குத்தியது.

கம்ப்யூட்டர் இந்தக் குழப்பத்தில் புகுந்தது 1961-இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெஸ் எர்னஸ்ட் என்பவர், கையெழுத்தைப் படிக்கும் புரோகிராம் ஒன்றுக்காக 10,000 சொற்களின் பட்டியலைக் கொடுத்து சரிபார்க்க வைத்தார். பத்தாண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய புரோகிராம், இதுவா அதுவா என்று மாற்றுச் சொல்லும் சொன்னது. பட்டியல் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் அபூர்வச் சொற்களை வேண்டுமென்றே ஒதுக்கினார். யாரும் எழுதாத சொல் பட்டியலில் இருந்தால், தவறாக அடித்த சொல் அதன் வேஷத்தில் தப்பித்துவிடும் அல்லவா?

மெஷினுக்குத் தெரிந்தது பட்டியல்தான், பொருள் அல்ல. ஒரு காலத்தில் சில புரோகிராம்களின் அகராதியில் 'கோ-ஆபரேஷன்' நடுவில் கோடு போட்டு மட்டும் இருந்தது. கோடில்லாமல் அடித்தால் 'கூப்பர்டினோ' என்று மாற்றிவிடும். ஆப்பிள் கம்பெனி இருக்கும் கலிஃபோர்னியா ஊர் அது! ஐ.நா. ஆவணங்களிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களிலும்கூட, ஒத்துழைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஊர் வந்து உட்கார்ந்தது.

நம் ஊர்க் கடை போர்டுகளையே பாருங்கள். 'ஸ்டேஷனரி'யில் 'ஈ'க்குப் பதில் 'ஏ' போட்டால், நகராமல் நிற்கிறது என்று பொருள். கடை நகராது என்பதும் உண்மைதான்! இரண்டுமே அகராதியில் உள்ள சொல், மெஷின் வாய் திறக்காது. 1631-இல் லண்டனில் அச்சான பைபிளில், பிறன்மனை நாடாதே என்ற கட்டளையில் 'நாட்' என்ற சொல் விடுபட்டு, நாடு என்றே ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். இன்றைய மெஷினிடம் கொடுத்தாலும் ஒரு சிவப்புக் கோடு விழாது.

சிரிக்க முடியாதது 2009-இல் நடந்தது. 'டெய்லர் அண்ட் சன்' என்ற கம்பெனி மூடப்பட்டதை, பிரிட்டிஷ் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் 'டெய்லர் அண்ட் சன்ஸ்' மூடப்பட்டதாகப் பதிந்துவிட்டது. கூடுதலாக ஒரு 'எஸ்'. பின்னது கார்டிஃப் நகரில் நன்றாக நடந்துவந்த பொறியியல் நிறுவனம். சில நாளில் பதிவைத் திருத்தினார்கள். ஆனால் அதற்குள் செய்தி பரவி, சரக்கு கொடுப்பவர்கள் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் நொடித்தது, 250 பேருக்கு மேல் வேலை போயிற்று. பதிவாளர் அலுவலகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015-இல்.