ஓயாச் சக்கரம்

குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணம் பாடிய அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில், கி.பி. 1150இல், கணிதப் பேரறிஞர் பாஸ்கராச்சாரியார் தம் சித்தாந்த சிரோமணியில் தானே சுழலும் சக்கரம் ஒன்றை விவரித்தார். ஆரக்கால்களைக் குடைந்து, பாதியளவு பாதரசம் வார்த்து, வாயடைத்துவிட்டால், ரசம் இடம்பெயர்ந்தோடச் சக்கரம் ஓயாது சுழலும் என்பது அவர் கருத்து.

இத்தகைய சக்கரங்களை வரைந்து காட்டும் அரபுக் கையெழுத்துப் பிரதிகளும் உள்ளன. 1235ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் வில்லார் த ஒனெகூர், சுத்தியல்கள் தொங்கும் சக்கரத்தைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். இந்திய எண்கள் அரபு மக்கள் வழியே ஐரோப்பா சேர்ந்ததைப் போல இக்கருத்தும் சேர்ந்தது என்பது அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட்டின் துணிபு.

இதைக் கேட்டு நம்மில் சிலர் பெருமிதம் கொள்கின்றனர். ஆனால் அச்சக்கரம் சுழன்றதா என்று கேட்பாரில்லை! ஒரு சுற்றில் எவ்வளவு ரசம் இறங்குகிறதோ அவ்வளவும் மீண்டும் ஏறியாக வேண்டும், மிச்சம் ஏது?

குன்றத்தூரை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். மதகடியில் சக்கரம் நட்டால் விழும் நீரில் அது சுழலும். அச்சக்கரத்தைக் கொண்டே விழுந்த நீர் முழுவதையும் ஏரிக்குத் திருப்பி இறைக்க முடியுமா? இங்கிலாந்தின் ராபர்ட் ஃபிளட் 1618இல் இவ்வாறான ஆலை ஒன்றைப் பற்றி எழுதினார். உராய்விலும் நீரின் சுழிப்பிலும் ஆற்றலின் ஒரு பங்கு வெப்பமாகிவிடும். வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் அளவை 1840களில் ஜூல் அளந்து காட்டினார். ஆற்றலை வெறுமையிலிருந்து படைக்க முடியாது என்பது முதல் விதி. சிதறிய வெப்பத்தை முழுதும் வேலையாக மீட்க முடியாது என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டையும் 1850இல் கிளாசியஸ் இணைத்துரைத்தார். பாரிசின் அறிவியல் கழகமோ 1775லேயே இத்தகைய பொறிகளை ஆராய்வதில்லை என முடிவு செய்திருந்தது. ஆண்டுதோறும் ஏரி நிறைவதும் விலையின்றி அன்று. கடல்நீரை மேலேற்றும் வேலையை, இறைவன் விதித்தபடி, கதிரவன் செய்கிறது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் அல்-ஜஸரீ. தியார்பக்கிரில் அர்துக்கீ அரசரிடம் பணியாற்றி, ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) பொறிநூலை முடித்தவர். அவர்தம் நீரேற்றங்களை விலங்கின் உழைப்போ ஓடும் நீரோ இயக்கின. கைவினைஞர் பார்த்துச் செய்யுமாறு அளவுகளோடு எழுதினார். அவ்வளவுகளைக் கொண்டே அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் 1976இல் இலண்டனில் மீண்டும் செய்யப்பட்டது. அது ஓடவும் செய்தது.