மூழ்கிய கலமும் மீட்கும் கலமும்

திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை, ஆராட்டு நாளில் பத்மநாபசுவாமி நீராட எழுந்தருளும் துறை. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மாலை அங்கே நம் கடற்படையினர் தம் திறம் காட்டினர். திரண்டிருந்த கூட்டத்தில் நாமும் நின்றோம். ஆரவாரத்தினிடையே நம் எண்ணம் 1971-இல் அதே தேதியின் நள்ளிரவை நோக்கி ஓடிற்று.

அவ்விரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே 'காஜி' என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி மூழ்கிற்று. காரணம் பற்றி இரு நாட்டாரும் இருவேறாகக் கூறுவர். அதிலிருந்தோருள் ஒருவரும் பிழைத்திலர் என்பதில் ஐயமில்லை. சோவியத் நாட்டினின்று பெற்ற 'நிஸ்தார்' என்ற மீட்புக் கப்பல் அப்போது நம்மிடம் இருந்தது. நிஸ்தாரம் எனில் வடமொழியில் கரையேற்றம், மீட்சி எனப் பொருள். மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு அப்பெயர் நெஞ்சை உறுத்துகிறது. அக்கப்பலின் முக்குளிப்போர் இறங்கிய இடத்தில் மீட்பதற்கு எவருமில்லை.

மூழ்கியோரை மீட்க இன்னொரு நீர்மூழ்கியே செல்லலாகாதா? சோவியத் நாட்டார் எழுபதுகளில் அதற்கென்றே இரண்டு கட்டினர். மேனாட்டார் அவ்வகைக்கு இட்ட குறிப்பெயர் 'இந்தியா'! நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஐ' என்னும் ஆங்கில எழுத்துக்குரிய குறிச்சொல், அவ்வளவே. ஒவ்வொன்றும் முதுகில் இரு சிறு மீட்புக் கலங்களைச் சுமந்தது. 1981 அக்டோபரில் விளாடிவோஸ்டாக் அருகே எஸ்-178 என்னும் நீர்மூழ்கி, வேறொரு கப்பல் மோதி அமிழ்ந்தபோது அவற்றுள் ஒன்று விரைந்தது. ஆயினும், உள்ளே சிக்கியவருள் தப்பியோர் டார்ப்பிடோக் குழாய் வழியாகவே வெளியேறினர். 32 பேர் மாண்டனர்.

நம் கடற்படை 2018-இல் சேர்த்துக்கொண்ட ஆழ்கடல் மீட்புக் கலம் சிறியது, விமானத்திலும் ஏற்றலாம். 650 மீட்டர் வரை இறங்கும். சிக்கிய கப்பலின் தப்பும் வாயிலின்மேல் அது கவிந்து அமரும். இடையிலுள்ள நீரை இறைத்ததும், கடலின் அழுத்தமே இரண்டையும் இறுகப் பிணைத்துவிடும். பின்னர்க் கதவுகளைத் திறந்து, ஒரு தடவைக்குச் சுமார் 14 பேரை ஏற்றி வரலாம்.

ஆனால் கப்பல் உடையாதிருக்க வேண்டும், காலமும் வேண்டும். 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் 'நங்காலா' 53 பேருடன் மறைந்தது. உதவிக்கென விசாகப்பட்டினத்தினின்று நம் மீட்புக் கலம் புறப்பட்டது. அது போய்ச் சேருமுன்பே, 838 மீட்டர் ஆழத்தில் அக்கப்பல் மூன்று துண்டுகளாய்க் கிடப்பது தெரியவந்தது.

2025 ஜூலை 18 அன்று, விசாகப்பட்டினத்திலேயே கட்டிய புதிய 'நிஸ்தார்' கடற்படையிற் சேர்ந்தது. மீட்புக் கலத்தைச் சுமந்து செல்லும் தாய்க்கப்பல் அது. காஜியோ அத்துறைமுகத்துக்கு வெளியே இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது.