யூட்டாவின் வம்சாவளி ஏடுகள்

1847-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரிகம் யங் என்ற தலைவரைப் பின்பற்றி, துன்புறுத்தலுக்குத் தப்பி, அமெரிக்கச் சமவெளிகளைக் கடந்து, உவர்நீர் ஏரியொன்றின் அருகிலிருந்த வறண்ட பள்ளத்தாக்கில் குடியேறிய மார்மன் சமயத்தார், கழனிக்கு வாய்க்கால் வெட்டிய அதே சிரத்தையோடு தம் முன்னோரின் பெயர்களையும் தேடித் தேடி எழுதிவந்தனர். மாண்டுபோன மூதாதையருக்காக, உயிரோடிருப்பவர் பிரதிநிதியாக நின்று ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் கொள்கை. பெயர் அறியாதவருக்கு அச்சடங்கைச் செய்ய வழியில்லையாதலால், வம்சாவளி எழுதுவது அவர்களுக்குப் புனிதக் கடமையாயிற்று. 1894-இல் அதற்கென்றே சால்ட் லேக் நகரில் ஒரு சங்கமும் தோன்றியது.

1918-இல் உலகை வாட்டிய இன்புளுயன்சா என்னும் விஷஜுரம் அவர்கள் குடியேறிய யூட்டாவையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் காலமான மார்மன் திருச்சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்துக்கே பொது இறுதிச் சடங்கு நடத்த இயலாமற்போயிற்று. அடுத்த ஏப்ரலில் கூடவேண்டிய திருச்சபை மாநாடு ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரே ஜுரத்தில் படுத்தவருள் ஒருவர் தேறி எழ, மற்றொருவர் மாண்டது ஏன் என்ற வினா மட்டும் நெடுங்காலம் விடையின்றி நின்றது.

1970-களில் யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மார்மன் சமயத்தார் எழுதிய வம்சாவளிகளைக் கணிப்பொறியில் ஏற்றினர். பின்னர் அரசாங்க மரணப் பதிவுகளும் அவற்றோடு இணைக்கப்பட்டன. சுமார் நூறாண்டுகளில் இன்புளுயன்சாவால் இறந்த 4,855 பேரின் சுற்றத்தாரை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, அவர்தம் நெருங்கிய உறவினர்க்கு அந்நோயால் இறக்கும் அபாயம் மிகுதி என்று கண்டது. ஒரு கூரையின்கீழ் ஒரே காற்றைச் சுவாசிப்பவருக்கு அது இயல்பே. இரத்த உறவற்ற கணவன் மனைவியரிடையிலும் அம்மிகுதி இருந்தது. ஆனால், ஒரே இல்லத்தில் வாழும் வாய்ப்புக் குறைந்த தூரத்து உறவினரிடமும் அது புலப்பட்டமையால், தொற்றோடு பிறவிக்கூறும் சேர்ந்து இயங்குகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. 2015-இல் வேறு ஆராய்ச்சியாளர், கடும் இன்புளுயன்சாவுக்கு ஆளாகிப் பிழைத்த ஒரு குழந்தையிடம், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்கத் தூண்டும் ஜீன், தந்தைவழிப் பிரதி தாய்வழிப் பிரதி ஆகிய இரண்டிலும் பழுதுற்றிருந்ததைக் கண்டனர். ஆளுக்கொரு பழுதை மட்டுமே சுமந்த பெற்றோரோ நலமாயிருந்தனர்.

நோயின் கடுமையில் பிறவிக்கூறுக்கும் பங்குண்டு என்பதை எவரும் தலைவிதியென்று கொள்ளலாகாது. பாட்டனார் ஜுரத்தில் மாண்டார் என்ற ஒரு வரி, பேரன் காலத்தே தடுப்பூசி போட்டுக்கொள்ளவும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடவும் தூண்டுமாயின், அவ்வரியை எழுதியவரின் பிரயாசை வீணாகாது. முன்னோரின் நற்கதியை நாடி மார்மன் சமயத்தார் தொகுத்த ஏடுகள், இனிப் பிறக்கப்போகும் சந்ததியாருக்கும் அரணாக நிற்கின்றன.