உடைக்கும் இரும்பு, பிடிக்கும் இரும்பு

நீரைச் சுத்தம் செய்யும் நானோ துகள்கள் என்றதும், எல்லாத் துகளுக்கும் ஒரே வேலை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரும்பை மட்டும் எடுத்துப் பார்த்தாலே அது சரியில்லை என்று புரியும். துருப்பிடிக்காத நானோ இரும்பு, நஞ்சை உடைக்கிறது. துருவாகவே தயாரிக்கப்படும் நானோ இரும்பு, நஞ்சைப் பிடித்து வைக்கிறது. எதற்கு எது என்பதைத் தீர்மானிப்பது நஞ்சின் இயல்பு.

ட்ரைகுளோரோஎத்திலீன் ஒரு சேர்மம்: இரண்டு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூன்று குளோரின். உலோக பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஆலைகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தின. அமெரிக்காவின் நிலத்தடி நீரில் அது பல இடங்களில் இறங்கியிருக்கிறது. குளோரின் அணுக்களைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது எத்திலீனும் ஈத்தேனும்தான். ஆர்சனிக் அப்படியல்ல. அது தனிமம். எந்த வேதிவினையாலும் அதை இல்லாமல் செய்ய முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.

உடைக்கும் இரும்பின் கதை லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே வெய்-சியான் ஜாங்கின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், நானோ இரும்பின் பரப்பு கிராமுக்கு 33.5 சதுர மீட்டர். கடையில் கிடைத்த இரும்புத் தூளுக்கு அது ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. வினை நடப்பது பரப்பில்தான் என்பதால் இந்த வேறுபாடு பெரியது. இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, அவற்றை வாங்கிய சேர்மத்திலிருந்து குளோரின் கழன்று போகிறது. நியூஜெர்சியின் ட்ரென்டனில் நடந்த களச் சோதனையில், பல்லேடியம் சேர்த்த இரும்புத் துகள்கள் 1.7 கிலோவை இரண்டு நாட்களில் நிலத்தடி நீருக்குள் இறக்கினார்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் 96 விழுக்காடு வரை குறைந்தது.

ஆனால் இந்த இரும்பு யாருக்கு எலக்ட்ரான் கொடுப்பது என்று பார்ப்பதில்லை. கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், ஏன், தண்ணீரே வந்து கேட்டாலும் கொடுத்துவிடும். காந்த ஈர்ப்பால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால், இறக்கிய இடத்திலிருந்து அதிகத் தூரம் போவதுமில்லை. வினை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு மிஞ்சலாம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். ஆகவே ட்ரைகுளோரோஎத்திலீன் குறைந்த கணக்கை மட்டும் காட்டும் அறிக்கையை முழு அறிக்கையாக ஏற்கக் கூடாது.

பிடிக்கும் இரும்பு இதைவிட அமைதியானது. துருவாகிய இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளின் இடத்தில் ஆர்சனிக் வந்து வேதிப்பிணைப்பால் அமர்கிறது. நிலத்தடியில் அதிகம் காணப்படும் மூவிணைதிற ஆர்சனிக்குக் குடிநீரின் இயல்பான அமிலத்தன்மையில் மின்னூட்டம் இல்லை. அதனால் பல வடிகட்டிகளுக்கு அது சிக்காது. இரும்பு ஆக்சைடுகளுக்குச் சிக்குகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2006இல் விக்கி கால்வினின் குழு, 12 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்களால் ஆர்சனிக்கைப் பிடித்து, வலுக் குறைந்த காந்தத்தைக் கொண்டே அவற்றை நீரிலிருந்து பிரித்துக் காட்டியது. அழகான வேலை. ஆனால் கிராமத்துக் குழாயடிக்கு அதைவிடப் பொருத்தமானது சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப் குழு உருவாக்கிய அம்ரித் வடிகட்டி என்பதே என் கருத்து. அதில் நானோ இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு, கைட்டோசான் என்ற உயிர்ப்பொருளுக்குள் சிறைப்பட்டு மணிகளாக இருக்கிறது. துகள் நீரில் கலந்து போகாது. காந்தத்துக்கும் வேலையில்லை.

இங்கும் போட்டி உண்டு. பாஸ்பேட், ஆர்சனிக்கின் மற்றொரு வடிவமான ஆர்சனேட்டுக்கு வேதியியலில் உடன்பிறப்பு. அதே இருக்கைகளுக்கு அதுவும் வருகிறது, சிலிகேட்டும் வருகிறது. வங்கத்தின் குழாய்க் கிணறுகளில் இவை இரண்டும் உண்டு. சுத்த நீரில் ஆர்சனிக்கை மட்டும் கரைத்து அளந்த கொள்ளளவு அங்கே குறைந்துவிடும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பை எட்டும் வடிகட்டியைத் தேடுபவர், அந்த ஊர் நீரிலேயே சோதித்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

உடைப்பதில் வேலை முடிந்ததும் துகளில் மிச்சம் பெரும்பாலும் துருதான். மண்ணில் ஏற்கெனவே இருப்பதுதான் அது. பிடித்து வைப்பதிலோ நஞ்சு அப்படியே இருக்கிறது, துகளின் மேல் செறிந்து. வங்கத்தின் நிலத்தடி நீருக்கு ஆர்சனிக் எப்படி வந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடுகள் ஆர்சனிக்கைப் பிடித்தே வைத்திருந்தன. வண்டலுக்குள் ஆக்சிஜன் தீர்ந்தபோது, கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள் அந்த இரும்பை ஒடுக்கிக் கரைத்தன. பிடி விட்டுப்போய் ஆர்சனிக் நீருக்கு வந்தது. பயன்படுத்தித் தீர்ந்த வடிகட்டி மணிகளைச் சாணமும் குப்பையும் ஊறும் ஈரக்குழியில் கொட்டினால், அதே வினைக்கு நாமே களம் அமைத்துக் கொடுக்கிறோம். காற்றோட்டமுள்ள, மழைநீர் தேங்காத இடத்தில், அல்லது சிமென்டில் கலந்து கெட்டிப்படுத்தி, அவற்றை வைக்கலாம். மணியைத் திரும்பப் பெற்றுச் செல்லும் பொறுப்பை வடிகட்டியை அமைத்துக் கொடுப்பவரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பயன்படுத்தும் குடும்பத்தின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.