மயஸ்தீனியா கிரேவிஸ்

மயஸ்தீனியா கிரேவிஸ் என்பது இயக்க இயக்கத் தசைகள் வலுவிழந்து, ஓய்வுக்குப்பின் வலுப்பெறும் நோய். கோளாறு இருப்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். நரம்பு முனை வெளியிடும் அசிட்டைல்கோலின், தசைமீதுள்ள ஏற்பிகளில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். உடலின் தடைகாப்பு அமைப்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்த ஏற்பிகளை மறித்தும் அழித்தும் விடுகின்றன.

பெரும்பாலும் முதலில் தளர்வது கண். இமை தொங்கும், பொருள்கள் இரண்டாகத் தெரியும். பின்னர் மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, கை கால் அசைவு ஆகியன தடைப்படலாம். காலையில் குறைந்தும் மாலையில் மிகுந்தும் காணப்படும். தொடுவுணர்வு கெடுவதில்லை. இளவயதுப் பெண்களிடமும் முதிய ஆண்களிடமும் மிகுதி.

இந்நோயை முதலில் விவரித்தவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ். நெடுநேரம் பேசினால் நா தளர்ந்து ஊமையாகிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி 1672இல் அவர் எழுதினார். இரு நூற்றாண்டுக்குப்பின் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் 1879இலும், வார்சாவின் சாமுவேல் கோல்ட்ஃபிளாம் 1893இலும் நோயாளிகளை விரிவாகப் பதிவுசெய்தனர். தசைத்தளர்ச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கடுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து 1895இல் பெயரிட்டவர் பெர்லினின் ஃபிரெட்ரிக் யோலி. நரம்பை மின்சாரத்தால் தொடர்ந்து தூண்டும்போது தசைச் சுருக்கம் படிப்படியாகக் குறைவதையும் அவர் காட்டினார்.

திருப்புமுனை 1934இல் வந்தது. லண்டன் கிரீனிச்சின் செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனை மருத்துவர் மேரி வாக்கர், இந்நோயின் தளர்ச்சி கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதை எண்ணி, அந்நஞ்சின் முறிமருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்கு ஊசிவழி செலுத்தினார். மேற்கு ஆப்பிரிக்கக் கலபார் அவரையிலிருந்து கிடைக்கும் இப்பொருள் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கிறது. தொங்கிய இமை சிறிது நேரத்தில் உயர்ந்தது. இன்று பயன்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் இதே வழியில் செயல்படுகிறது. மயஸ்தீனியா சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர் வாக்கர்.

1936இல் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியின் கட்டியை அகற்றியபின் ஒரு நோயாளி நலமடைந்தார். 1960இல் நரம்பியல் மருத்துவர் ஜான் சிம்ப்சன், உடலே தன் ஏற்பிகளைத் தாக்குகிறது என்று கருதினார். மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தி அதே தளர்ச்சியை உண்டாக்கிய ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரம் ஆகியோர் 1973இல் அதை மெய்ப்பித்தனர்.

எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை, நரம்புத் தூண்டல் சோதனை ஆகியவற்றால் நோய் உறுதிசெய்யப்படுகிறது; தைமஸ் கட்டி உள்ளதா என அறிய மார்புக்கூட்டு ஸ்கேன் எடுக்கப்படுகிறது. ஸ்டீராய்டு, அசாதயோபிரின் முதலியன தடைகாப்பு அமைப்பை அடக்குகின்றன. மூச்சுத்தசைகள் தளர்வது உயிருக்கு ஆபத்து. அப்போது செயற்கைச் சுவாசத்துடன் பிளாஸ்மா மாற்றமோ இம்யூனோகுளோபுலினோ தேவைப்படும். அமினோகிளைகோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தளர்ச்சியைக் கூட்டும். 2017 முதல் புதிய உயிரியல் மருந்துகளும் வழக்கில் உள்ளன.